ரூட் 66: பதினான்கு கார்டுகளும் ஆர்.எம்.எஸ். மாமாவும்

முதல் நாள்: சிகாகோ

மதுரையிலிருந்து மாமா வந்து பத்து நாள் ஆகிறது. நயாகராவா, வெள்ளை மாளிகையா என்று கேட்டேன். இரண்டும் வேண்டாம் என்றார். என் அலமாரியில் இருந்த பழைய கார்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த ஊருக்கெல்லாம் கார்ல போக முடியுமா பாப்பா?" என்றார்.

கட்டில் இருப்பவை 14 அஞ்சலட்டைகள். எல்லாமே ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையின் ஓரம் இருந்த மோட்டல்கள், அதாவது காரில் வருகிறவர்கள் தங்கும் விடுதிகள், 1930களிலிருந்து 50கள் வரை அச்சடித்தவை. பழைய சாமான் சந்தையில் ஒன்றொன்றாக வாங்கிச் சேர்த்தேன். அந்தக் காலத்தில் மோட்டல் அறையின் மேசை இழுப்பறையில் இவற்றை இலவசமாக வைத்திருப்பார்கள். தங்க வந்தவர் ஊருக்கு நாலு வரி எழுதிப் போடுவார். ஸ்டாம்புச் செலவு அவருடையது, விளம்பரம் மோட்டல்காரருக்கு. 1951 முடியும்வரை அந்தச் செலவும் ஒரு சென்ட்தான்.

நான் வாங்கியது படத்துக்காக. வானம் அப்படி ஒரு நீலம், கூரை அப்படி ஒரு சிவப்பு. மாமா படத்தைப் பார்க்கவே இல்லை. ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே மெயில் சர்வீஸில், அதுவும் ராத்திரி வண்டியில், நின்றுகொண்டே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். கார்டு கைக்கு வந்ததும் விரல் தானாகவே அதைப் புரட்டிவிடுகிறது. "படத்த எவன் பாத்தான்? முதுகு என்ன சொல்லுதுன்னு பாரு." முத்திரை, தேதி, ஸ்டாம்பு, விலாசம், அதற்கப்புறம்தான் சேதி.

ஒரு நிபந்தனையும் போட்டார். கார்டுகளைச் சாலையின் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு அவரே வைத்துக்கொள்வார். அந்தந்த ஊர் வந்தால்தான் அந்தந்த கார்டு வெளியே வரும். பாதியை நான் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கிளம்பும் முன் நியூபெரி நூலகத்துக்குப் போனோம். எங்கள் கார்டுகளில் பெரும்பாலானவற்றை அச்சிட்ட கர்ட் டைக் கம்பெனி இந்த ஊர்க்காரர்களுடையது, 1898இல் தொடங்கியது. அவர்களுடைய ஆவணங்கள் இப்போது இந்த நூலகத்தில் இருக்கின்றன. வேலை நடந்த விதம் இதுதான்: விற்பனையாளர் மோட்டலுக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பார். கூரை இந்த நிறம், சுவர் இந்த நிறம் என்று குறிப்பு எழுதுவார். சில சமயம் திரைத்துணியின் துண்டே மாதிரியாகக் கூட வரும். சிகாகோவில் ஓவியர் உட்கார்ந்து, தான் பார்த்தேயிராத பாலைவனத்துக்கு வர்ணம் கொடுப்பார். மின்கம்பத்தை அழிப்பார், கம்பியை அழிப்பார், மொட்டைத் தரையில் புல் போடுவார், கேட்டால் வாசலில் புதுக் காரும் நிற்கும். தாள் துணி நெய்தது போலச் சொரசொரப்பாக இருக்கும், அதனால் மை சீக்கிரம் உலர்ந்து நிறமும் பளிச்சென்று நிற்கும். லினன் கார்டு என்று பெயர் வந்தது இந்தச் சொரசொரப்பால்தான். மூலையில் ஒரு குறியீடும் உண்டு. 2பி-எச் என்று தொடங்கினால் 1942. ஏ என்றால் முப்பதுகள், பி நாற்பதுகள், சி ஐம்பதுகள்.

"நம்ம கலர் சாமிப் படம் மாதிரி" என்றார் மாமா. வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆடம்ஸ் தெருவில் சாலை தொடங்கும் இடத்தில் பழுப்புப் பலகையின் கீழே ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து கலிபோர்னியாக் கடற்கரையில் உள்ள சாண்டா மோனிகா வரை 2,448 மைல், எட்டு மாநிலம். 1926 நவம்பர் 11இல் எண் கொடுத்தார்கள், 1985இல் எண்ணை எடுத்துவிட்டார்கள். சாலை மட்டும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எங்களிடம் எட்டு நாள்தான், அதனால் இலினாய் முழுவதையும் புதிய நெடுஞ்சாலையிலேயே ஓட்டித் தள்ளினேன். இரவு செயின்ட் லூயிஸ் பக்கம், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஏதோ ஒரு ஓட்டல். இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பைபிள் இருந்தது, கார்டு இல்லை.

இரண்டாம் நாள்: செயின்ட் லூயிஸ், கியூபா

காலையில் முதல் கார்டு: கோரல் கோர்ட். "கோர்ட்டா? கேஸ் நடக்குற கோர்ட்டா?" என்று மாமா கேட்டது நியாயம்தான். மோட்டல் என்ற சொல் 1925இலேயே கலிபோர்னியாவில் பிறந்துவிட்டது. ஆனால் ஊரெங்கும் பரவ நாளானது. அதுவரை முதலில் கேபின் கேம்ப், பிறகு டூரிஸ்ட் கோர்ட், மோட்டார் கோர்ட். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அதுதான் கோர்ட்.

கோரல் கோர்ட்டை 1941இல் கட்டினார்கள். தேன் நிறத்தில் மெருகேற்றிய செங்கல், வளைந்த மூலை, அதில் கண்ணாடிக் கட்டிகள். ஒவ்வொரு அறைக்கும் ஒட்டியபடி கதவுள்ள கராஜ். வண்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் யார் வந்தார், யாரோடு வந்தார் என்று தெரு அறியாது. பெயர் கெட்டதும் அதனால்தான். 1953இல் ஒரு சிறுவனைக் கடத்திக் கொன்று 6 லட்சம் டாலர் பறித்தவன் இங்கே வந்து தங்கினான். அந்தப் பணத்தில் ஏறத்தாழப் பாதி இன்றுவரை கிடைக்கவில்லை. 1995இல் மோட்டலை இடித்துவிட்டார்கள். ஓர் அறையை மட்டும் பிரித்தெடுத்துப் பக்கத்திலுள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அதன் முன்னால் கார்டைப் பிடித்துப் பார்த்தேன். ஆச்சரியம், செங்கல்லின் மஞ்சள் ஒத்துப்போனது. சிகாகோ ஓவியர் இந்த முறை பொய் சொல்லவில்லை. கார்டின் முதுகு காலி, யாரும் எழுதவில்லை. "இங்க வந்தவன் எவன் வீட்டுக்குக் கார்டு போடுவான்?" என்றார் மாமா.

மத்தியானம் கியூபா. நாடு அல்ல, மிசௌரியில் ஒரு சின்ன ஊர். வேகன் வீல் மோட்டல் 1930களின் நடுவில் கட்டியது, அப்போதிலிருந்து இதே தொழில். ஓசார்க் மலைக் கல்லில் கட்டிய குட்டிக் குட்டி வீடுகள். கூம்பிய முகப்பு, கதவுக்கு மேலே கல் வளைவு. இங்கே புல்லும் நிஜமாகவே பச்சை. ஆனால் கார்டில் இல்லாத மரங்கள் இப்போது வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

முதுகில் பச்சை நிற ஒரு சென்ட் ஸ்டாம்பு, ஜார்ஜ் வாஷிங்டன் தலை. முத்திரையில் தேதி அழிந்திருக்கிறது. கூடவே அலையலையான கோடுகளுக்குப் பதில் ஒரு வாசகம்: பாதுகாப்புச் சேமிப்புப் பத்திரம் வாங்குங்கள். மாமாவுக்கு அது போதும். "சண்டை வந்த சமயம். நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு." சேதி இரண்டே வரி. மழையாம், டயர் தேய்ந்துவிட்டதாம், சனிக்கிழமை வந்துவிடுவார்களாம். 1942 ஜனவரியிலிருந்து டயருக்கு ரேஷன் என்று நான் சொன்னதும், மாமா அந்த இரண்டு வரியை மறுபடி படித்தார்.

விலாசம் ஓஹையோ. அப்படியென்றால் கிழக்கே போகிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

இரவு எட்டு மணிக்கு நியான் பலகை எரிந்தது. பழைய பலகைதான். ஒரு மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து அறைக்காரர் பீர் கொடுத்தார். மாமா மறுத்துவிட்டு, சுண்டல் டப்பாவை நீட்டினார்.

மூன்றாம் நாள்: ஓசார்க் மலை, ஸ்பிரிங்ஃபீல்ட், கார்த்தேஜ்

இன்றைக்கு ஐந்து கார்டு. மூன்றில் உள்ள மோட்டல்கள் இல்லவே இல்லை. ஒன்று புல்வெளி, ஒன்று சேமிப்புக் கிடங்கு, ஒன்றின் இடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கண்டுபிடிக்க முடியாத மோட்டலின் கார்டைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

படம் சாதாரணம். நாலு மரக் குடில், ஒரு பெட்ரோல் பம்பு, பின்னால் இருக்கவே முடியாத அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு மலை. மாமா புரட்டினார், அப்படியே நின்றுவிட்டார். ஸ்டாம்பு இல்லை. ஸ்டாம்பு ஒட்டும் கட்டத்துக்குள் பென்சிலால் 'ஃப்ரீ' என்று கையால் எழுதியிருக்கிறது. "இது எப்படிப் போச்சு? நம்ம ஊர்ல ஸ்டாம்பு இல்லாம போட்டா, வாங்குறவன்கிட்ட ரெட்டைக் காசு வசூல் பண்ணுவோம். சும்மாவே எழுதிட்டா போயிடுமா?"

முத்திரை: ஃபோர்ட் லெனர்ட் வுட், 1943. இந்தச் சாலையை ஒட்டி 1940இல் கட்டத் தொடங்கிய பெரிய ராணுவப் பயிற்சி முகாம் அது. 1942 வசந்தத்திலிருந்து, படையில் இருப்பவர்கள் ஸ்டாம்பு இடத்தில் 'ஃப்ரீ' என்று எழுதினாலே போதும் என்று சட்டம் வந்தது. கார்டு அயோவாவில் ஒரு பெண்மணிக்கு, அநேகமாக அம்மாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராகச் சேர்ந்து இந்தக் குடிலை எடுத்தார்களாம், மெத்தையில் தூங்கினார்களாம், காலையில் யாரும் எழுப்பவில்லையாம். அவ்வளவுதான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்து நல்லாருக்கு" என்றார்.

லெபனான் என்ற ஊரில் (இதுவும் நாடு அல்ல) மங்கர் மாஸ் மோட்டலின் பலகையைக் கீழே நின்று பார்த்தோம். மோட்டல் 1946, இந்தப் பெரிய நியான் 1955.

ஸ்பிரிங்ஃபீல்டில் சாப்பாடு. இந்தச் சாலைக்கு 66 என்ற எண் பிறந்ததே இந்த ஊரில் போட்ட ஒரு தந்தியால்தான். 60 என்ற எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள், கென்டக்கிக்காரர்கள் விடவில்லை. கடைசியில் 1926 ஏப்ரல் 30இல் இங்கிருந்து வாஷிங்டனுக்கு, 66 என்றால் சம்மதம் என்று தந்தி போனது. தபாலும் தந்தியும் சேர்ந்திருந்த காலத்து மனிதர் மாமா. முகத்தில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த களை.

அதே ஊரில் இன்னொரு தபால் கதையும் உண்டு. என் 14 கார்டுகளிலும் மெத்தை என்ன ரகம், பாத்ரூமில் டைல்ஸ் உண்டா என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. யாருக்கு அறை கிடையாது என்று அச்சிடவில்லை. கறுப்பினத்தவர் வந்தால் இந்தச் சாலையோர மோட்டல்களில் பெரும்பாலானவை இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிடும். இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்ற ஊர்களும் வழியில் இருந்தன. அவர்களுக்காக 1936இலிருந்து கிரீன் புக் என்ற கையேடு வந்தது: எந்த ஊரில் எங்கே தூங்கலாம், எங்கே சாப்பிடலாம். அதைத் தொகுத்த விக்டர் கிரீன் ஒரு தபால்காரர், நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் அந்தக் கையேட்டில் இடம்பெற்றது ஆல்பர்ட்டாஸ் ஓட்டல், ஒரு கறுப்பினப் பெண்மணி நடத்தியது. கட்டடம் இப்போது இல்லை. "தபால்காரனுக்குத்தான் தெரியும், எந்த வீட்டுக் கதவு தொறக்கும்னு" என்றார் மாமா.

இரவு கார்த்தேஜில் பூட்ஸ் கோர்ட். 1939இல் ஆர்தர் பூட்ஸ் என்பவர் கட்டியது. வெள்ளைச் சுவர், உருண்ட மூலை, விளிம்போடு ஓடும் பச்சை நியான். ஒவ்வொரு அறையிலும் ரேடியோ என்பதுதான் அன்றைய விளம்பரம். நடிகர் கிளார்க் கேபிள் 6ஆம் எண் அறையில் தங்கினாராம். எங்களுக்கு அந்த அறை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் மாமாவுக்கு அவர் யாரென்று தெரியாது.

நான்காம் நாள்: கன்சாஸ், ஓக்லஹோமா

கன்சாஸில் இந்தச் சாலை 13 மைல்தான். ஒரு காபி குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஓக்லஹோமா முடியவே இல்லை. டல்சாவில் சைரஸ் ஏவரி பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. இந்தச் சாலையின் தகப்பன் என்று அவரைத்தான் சொல்கிறார்கள், தந்தி போட்டவர்களில் அவரும் ஒருவர். அதற்கு மேல் காற்று, காற்று, காற்று.

மேற்கு ஓக்லஹோமாவில் இரவு தங்கிய மோட்டலின் பெயரை எழுதப் போவதில்லை. ஏசி ரைஸ் மில் மாதிரி சத்தம் போட்டது, காற்று மட்டும் வரவில்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ஐந்து நிமிஷம் துரு நிறத்தில் வந்தது. முகப்பு அறைக்குப் போய்ச் சண்டை போடலாம் என்று கிளம்பினேன். கவுண்டருக்குப் பின்னால் ஊதுபத்தி வாசனை, சுவரில் சுவாமிநாராயணர். என் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பெரியவர், "இந்தியாவா? உட்காரும்மா, சாய் போடச் சொல்றேன்" என்று இந்தியில் ஆரம்பித்துவிட்டார். சண்டை எங்கே போடுவது?

குஜராத்திக்காரர், 1979இல் இந்த மோட்டலை வாங்கினாராம். அமெரிக்காவின் ஓட்டல், மோட்டல்களில் பாதிக்குமேல் இன்று இந்திய வம்சாவளியினரிடம் இருக்கின்றன, அதிலும் பெரும்பாலோர் குஜராத்திகள். பெரிய நெடுஞ்சாலைகள் வந்து பழைய சாலை காய்ந்துபோன எழுபதுகளில், இந்த மோட்டல்கள் மலிவாக விலைக்கு வந்தன. குடும்பத்தோடு உள்ளேயே குடியிருந்து, துணி துவைப்பதிலிருந்து கணக்கு வரை தாங்களே பார்த்துக்கொண்டால் கட்டுப்படியாகும். அந்தக் காலத்தில் போட்டிக்காரர்கள் வாசலில் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை வைப்பார்கள். இவருக்கு நேர் எதிரே இருந்த மோட்டலிலும் அப்படி ஒன்று தொங்கியதாம். "அப்புறம் அவரே என்கிட்ட வந்து, வாங்கிக்கிறியான்னு கேட்டார். எங்கிட்ட அவ்வளவு காசு இல்ல." அந்த இடம் இப்போது காலி மனை.

மாமாவும் அவரும் இந்தியும் சைகையுமாகப் பதினொரு மணி வரை பேசினார்கள். ஏசி சரியாகவே இல்லை. அறை வாடகையில் பத்து டாலர் குறைத்தார். டீ நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள்: டெக்சஸ், கிளென்ரியோ, டுக்கும்காரி

அமரில்லோவில் பத்து கேடிலாக் கார்களை மூக்கு மண்ணில் புதைய நட்டு வைத்திருக்கிறார்கள், 1974இலிருந்து. எல்லோரும் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார்கள், நாங்களும் அடித்தோம். மாமா ஒரு கதவில் தன் பெயருக்குப் பதில் மதுரையின் பின்கோடை எழுதினார்.

கிளென்ரியோ டெக்சஸும் நியூ மெக்சிகோவும் தொடும் இடம். இங்கே ஒரு மோட்டல் இருந்தது. அதன் பலகையை மேற்கிலிருந்து வந்து பார்த்தால் டெக்சஸின் முதல் மோட்டல், கிழக்கிலிருந்து பார்த்தால் டெக்சஸின் கடைசி மோட்டல். 1970களில் ஐ-40 என்ற புதிய நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. ஊரும் போய்விட்டது. கூரை சரிந்த கட்டடங்கள், எழுத்து உதிர்ந்த பலகை, நாய் ஒன்றுகூட இல்லை. இந்தக் கார்டு லினன் அல்ல, பின்னால் வந்த க்ரோம் வகை. நிஜமான கலர் ஃபிலிமில் எடுத்து வழவழப்பாக அச்சிட்டது. அதனால் கம்பியும் கம்பமும் படத்தில் அப்படியே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், கட்டடம் போய்விட்டது, கம்பம் இன்னும் நிற்கிறது.

சாயங்காலம் டுக்கும்காரி. இதற்காகத்தான் இந்தப் பயணமே என்று எனக்குள் ஒரு நினைப்பு. 'டுக்கும்காரி டுநைட்' என்று பல நூறு மைலுக்கு முன்பிருந்தே பலகை வைத்து, 2,000 அறை இருக்கிறது, பயப்படாமல் வா என்று கூப்பிட்ட ஊர். புளூ ஸ்வாலோ மோட்டலை 1939இல் கட்டத் தொடங்கினார்கள். ரோஜா நிறச் சுவர், அதில் சிப்பி உருவம், அறைக்கு அறை கராஜ். 1958இல் ஃபிளாய்ட் ரெட்மன் என்பவர் தான் மணக்கப்போகும் லில்லியனுக்கு நிச்சயப் பரிசாக இந்த மோட்டலை வாங்கிக் கொடுத்தார். லில்லியன் ரெட்மன் 1998 வரை, அதாவது நாற்பது வருஷம், இதை நடத்தினார். வருகிறவர்கள் கையில் வழிப்போக்கரை வாழ்த்தும் ஓர் அச்சிட்ட சீட்டைக் கொடுப்பாராம். கையில் காசில்லை என்றால் அதற்காக வெளியே தள்ளவும் மாட்டாராம்.

பலகையில் '100% ரெஃப்ரிஜரேட்டட் ஏர்' என்று நியானில் எரிகிறது. அது சும்மா ஜம்பம் இல்லை. அந்தக் காலத்தில் 'ஏர் கூல்டு' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் நம்மூர் ஏர் கூலர்தான், ஈரப் பஞ்சு வழியாகக் காற்றை இழுப்பது. 'ரெஃப்ரிஜரேட்டட்' என்றால் நிஜ ஏசி. இந்தப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்காக வண்டியைத் திருப்பியிருப்பார்கள்.

இருட்டியதும் நீலப் பறவை பலகையில் எரிந்தது, சுவரோரம் குட்டிப் பறவைகள் எரிந்தன, சுவரின் ரோஜா நிறம் ஊதாவானது. ஒரு நிமிஷம் லினன் கார்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. சிகாகோ ஓவியர்மேல் நான் சொன்ன குற்றத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் வரைந்தது பகல் அல்ல போலிருக்கிறது.

மாமா வெளிச்சத்தடியில் கார்டைப் புரட்டினார். இரண்டு சென்ட், சிவப்பு, ஜான் ஆடம்ஸ் தலை. முத்திரை அமரில்லோ, 1953. இந்த ஊர் மோட்டல் கார்டு அமரில்லோவில் விழுந்திருக்கிறது என்றால் வண்டி மேற்கிலிருந்து கிழக்கே போயிருக்கிறது. சேதியும் அதையே சொன்னது. கலிபோர்னியாவில் அண்ணன் நன்றாக இருக்கிறாராம், ஆனால் அங்கே விலை அதிகமாம், வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பார்களாம், பாலுக்குச் சொல்லி வைக்கவும்.

"ஒம்போதாவது" என்றார் மாமா. எது என்றேன். "கிழக்க போற கார்டு. பதினாலுல ஒம்போது. நேத்தே எண்ணிட்டேன்." அவருடைய நிபந்தனையை அவரே மீறியிருக்கிறார்!

ஆனால் அந்தக் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. இந்தச் சாலையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மேற்கே போனவர்களைப் பற்றியேதான் எழுதுகிறார்கள். வறட்சியில் நிலத்தை விட்டுக் கிளம்பியவர்கள், கலிபோர்னியாவைத் தேடிப் போனவர்கள். நானும் அப்படித்தான் இத்தனை நாள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டின் முதுகிலோ ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று மாமாவைக் கேட்டேன். "போறப்ப எவன் கார்டு போடுவான்? வேடிக்கை பாக்கவே நேரம் பத்தாது. வர்றப்பதான் வீட்ல சொல்லணும், இன்ன தேதிக்கு வர்றோம், கதவத் தொறந்து வைன்னு." பதினான்கு கார்டை வைத்துச் சரித்திரம் எழுத முடியாது, தெரியும். இருந்தாலும் பால் விஷயம் மனசில் நிற்கிறது.

ஆறாம் நாள்: ஹோல்புரூக்

நானூறு மைல். ஆல்புகர்க்கியில் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. கேலப்பில் தோசைக்கு ஏங்கிக்கொண்டு பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஏதோ ஒன்றைச் சாப்பிட்டோம், காரம் பரவாயில்லை.

ஹோல்புரூக்கில் விக்வாம் மோட்டல். காங்கிரீட்டில் கட்டிய 15 வெள்ளைக் கூம்புகள், இடுப்பில் சிவப்பு நெளிகோடு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பழைய கார். கென்டக்கிக்காரர் ஃபிராங்க் ரெட்ஃபர்ட் இந்த வடிவத்துக்கு 1936இல் காப்புரிமை வாங்கினார். விக்வாம் கிராமம் என்ற பெயரில் வரிசையாகக் கட்டிய ஏழு மோட்டல்களில் இது ஆறாவது, 1950இல் செஸ்டர் லூயிஸ் கட்டியது. கட்டட வரைபடத்துக்கு ரெட்ஃபர்டுக்குக் கொடுத்த கட்டணம்தான் விசேஷம். அறை ரேடியோவில் பத்து சென்ட் போட்டால் அரை மணி நேரம் பாடும். அந்தச் சில்லறை முழுவதும் ரெட்ஃபர்டுக்கு. பெயரில் ஒரு குழப்பம் உண்டு. கூம்பு வடிவக் கூடாரத்தின் பெயர் டீபி. விக்வாம் என்பது வடகிழக்குப் பழங்குடிகளின் உருண்டைக் குடிசை. டீபி என்ற சொல் ரெட்ஃபர்டுக்குப் பிடிக்கவில்லையாம். இந்த ஊரைச் சுற்றி வாழும் நவஹோ மக்களுக்கு இரண்டும் வீடல்ல, அவர்கள் கட்டுவது ஹோகன்.

உள்ளே சாய்ந்த சுவர். மாமா கட்டிலிலிருந்து எழும்போது இரண்டு முறை தலையில் இடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் கார்டை எடுத்தார்.

புரட்டினார். பேசவில்லை. கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஊர் இருந்தது: ஆல்புகர்க்கி, லாஸ் ஏஞ்சலஸ். கீழே ஆர்.பி.ஓ. என்று மூன்று எழுத்து. நடுவில் தேதியும் டி.ஆர். 8 என்றும் இருந்தது.

"பாப்பா, இது நம்ம ஆளு" என்றார். குரலே மாறிவிட்டது. "ஓடுற வண்டில குத்துன முத்திரை."

ஆர்.பி.ஓ. என்றால் ரயில்வே தபால் ஆபீஸ். இந்தச் சாலையை ஒட்டியே சாண்டா ஃபே ரயில்பாதை ஓடுகிறது. ரயிலில் தபால் பெட்டி இணைத்து, உள்ளே ஆட்கள் நின்றபடியே கடிதம் பிரித்துக்கொண்டு போவார்கள். ஸ்டேஷனில் நிற்கும்போது பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் நாமே கார்டைப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் அந்தக் கடைசி வண்டி நின்றது 1977இல். டி.ஆர். 8 என்பது வண்டி எண். சாண்டா ஃபேயில் ஒற்றைப்படை மேற்கே, இரட்டைப்படை கிழக்கே என்று என் போனில் தேடிச் சொன்னேன். "அப்ப இதுவும் ஊருக்குத் திரும்புனது" என்றார். ஆனால் அது அவருக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வண்டி வளைவில் திரும்பும்போது முத்திரை எப்படிக் கோணும் என்று காட்டினார். இந்த முத்திரையும் சற்று வலப்பக்கம் இழுபட்டிருக்கிறது. "பாரு, வண்டி அங்க ஆடிருக்கு." ராத்திரி மானாமதுரை தாண்டும்போது டீ வாங்க ஆள் இறங்கிய கதை, ஒரு முறை பை மாறிப்போய்ச் செங்கோட்டைத் தபால் எல்லாம் ராமேஸ்வரம் போன கதை. இவற்றில் ஒன்றையும் நான் இதுவரை கேட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சரக்கு ரயில் ஒன்று போனது. காங்கிரீட் கூம்பு லேசாக அதிர்ந்தது. மாமா இருட்டில், "தொண்ணூறு வண்டி" என்றார். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏழாம் நாள்: பாலைவனம்

ரூட் 66இல் புதிய நெடுஞ்சாலை கடைசியாக ஒதுக்கிவிட்டுப் போன ஊர் வில்லியம்ஸ், 1984 அக்டோபர் 13. அந்த ஊரில் டீ. கலிபோர்னியாவுக்குள் நுழைந்தபின் பழைய மரப் பாலங்களை வெள்ளம் அரித்ததால் பல மைல் சாலை மூடிக்கிடக்கிறது. ஐ-40இலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு ஆம்பாய் போனோம்.

ராய்ஸ் மோட்டலின் அம்புக்குறி போன்ற பலகை வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது, 1959இல் நட்டது. பல வருஷம் இருண்டு கிடந்து, 2019இல்தான் மறுபடி எரிந்தது. பெட்ரோல் கிடைக்கிறது, சோடா கிடைக்கிறது, படுக்க அறை கிடைக்கவில்லை. கார்டில் வாசல் நிறையக் கார்கள். இன்று நாங்களும், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு ஜெர்மன்காரர்களும். கார்டின் முதுகு காலி. மாமா ஏமாற்றத்தோடு ரப்பர் பேண்டுக்குள் திரும்பச் செருகினார்.

எட்டாம் நாள்: சாண்டா மோனிகா

சான் பெர்னார்டினோவில் இன்னொரு விக்வாம் இருக்கிறது, ஏழாவது கிராமம். 2003இல் ஒரு குஜராத்திக் குடும்பம் வாங்கிச் சீர்செய்தது. ஓக்லஹோமா பெரியவருக்குப் படம் அனுப்பினேன்.

கடற்கரைக்குப் போகும்முன் ஒரு தபால் ஆபீஸைப் பார்த்ததும் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். வழியில் வாங்கிய புதிய கார்டு ஒன்றில் இரவே எழுதி வைத்திருக்கிறார், அத்தைக்கு. பெட்டியில் போட்டால் எங்கேயோ பெரிய நிலையத்தில் மெஷின் முத்திரை விழும் என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் கவுண்டரில் கொடுத்துக் கையால் குத்தித் தரச் சொல்ல வேண்டும் என்றார். வரிசையில் பதினைந்து நிமிஷம் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே மை அட்டையில் முத்திரையைத் தட்டி, ஸ்டாம்பின்மேல் குத்தினார்.

மாமா கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தேதி பாதிதான் விழுந்திருந்தது.

"மை பத்தல. இன்னொரு தடவ நல்லா அழுத்திக் குத்தச் சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "இவரும் தபால்காரர்தான்" என்றேன். முத்திரையை மையில் நன்றாக உருட்டி, எழுந்து நின்று, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து இரண்டாவது முறை குத்தினார். மாமா தேதியை வாய்விட்டுப் படித்தார், ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார், தலையசைத்தார். பின்கோடு சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அத்தைக்கு என்ன எழுதினீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன்.

"வர்ற வியாழக்கெழமை வர்றேன்னு."

கார்டில் என்ன படம் என்றேன். அவருக்கு ஞாபகம் இல்லை.